பழைய வீடு, புது பாயிலர்: ரேடியேட்டரை எண்ணிப் பார்த்த கதை

ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னால், ஒரு ஜனவரி காலையில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "உங்க சிம்னியிலேர்ந்து வெள்ளைப் புகை நிக்காம போய்க்கிட்டே இருக்கே, கவனிச்சீங்களா?" என்றார். கேஸ் எரியும் சிம்னியில் குளிர் நாளில் கொஞ்சம் ஆவி தெரிவது சகஜம்தான். ஆனால் இது கரி எஞ்சின் ரயில் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

பேஸ்மெண்டுக்கு இறங்கிப் பார்த்தேன். பாயிலருக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி அடிக்கடி திறந்து மூடிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தண்ணீர் குறைகிறது, ஆனால் எங்கேயும் சிந்தவில்லை என்றால் அது சிம்னி வழியாகத்தான் போகிறது என்று அர்த்தம். பாயிலரின் வார்ப்பிரும்பு, தண்ணீர் மட்டத்துக்கு மேலே எங்கோ அரித்து ஓட்டையாகிவிட்டது. இதை ஒட்டவைக்க முடியாது. புதுசுதான் வாங்கணும்.

வீடு நியூ ஜெர்சியில், 1920களில் கட்டியது. எட்டு வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள். ஒரே குழாயில் நீராவி மேலே போகும், குளிர்ந்து தண்ணீராகி அதே குழாயில் கீழே வரும். அமெரிக்காவின் வடகிழக்கில் அந்தக் காலத்து வீடுகளில் இது ரொம்ப சாதாரணம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்த நேரம் அது. பின்பக்க அறையில் படுத்திருந்த அம்மா தினமும் விடிகாலையில் ஒரே கேள்விதான் கேட்பாங்க: "ஏம்ப்பா, ராத்திரி யாரு கீழ சுத்தியல் வெச்சு அடிக்கிறது?" அந்தச் சத்தத்துக்கு நாங்க பழகிவிட்டோம். பழைய வீடு என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். அந்த அறை ரேடியேட்டர் பாதிதான் சூடாகும், அதுக்கும் பழகிவிட்டோம்.

மூணு காண்ட்ராக்டர்களைக் கூப்பிட்டேன். முதல்வர் டார்ச் அடித்துப் பழைய பாயிலரின் தகட்டைப் படித்தார். "200,000 பி.டி.யு. அதே சைஸ் போட்டுடலாம்" என்றார். ரெண்டாமவர் வீடு எத்தனை சதுர அடி என்று கேட்டு, ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி வேறொரு அளவு சொன்னார். ரெண்டு பேரும் படியேறி மேலே வந்து ஒரு ரேடியேட்டரைக்கூடப் பார்க்கவில்லை. ரெண்டு விடையும் ஒட்டவே இல்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்றாமவர் வர நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளில் டான் ஹோலஹன் 1992-இல் எழுதிய 'தி லாஸ்ட் ஆர்ட் ஆஃப் ஸ்டீம் ஹீட்டிங்' புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அமெரிக்காவில் நீராவி வீடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் புத்தகம் அது. அப்போது கற்றுக்கொண்டதையும், பிறகு கையில் டேப்போடு சரிபார்த்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வீட்டை அளக்காதே, ரேடியேட்டரை அள

சுடுதண்ணீர் ஓடும் வீட்டுக்கோ, சூடான காற்று ஊதும் வீட்டுக்கோ பாயிலர் அல்லது ஃபர்னஸ் வாங்கினால், வீடு எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்று கணக்குப் போடணும். சுவர், ஜன்னல், கூரை எல்லாம் கணக்கில் வரும். நீராவிக்கு அந்தக் கணக்கு செல்லாது.

காரணம் எளிமையானது. தண்ணீரை வெதுவெதுப்பாகவும் அனுப்பலாம், கொதிக்கக் கொதிக்கவும் அனுப்பலாம். வெதுவெதுப்பான நீராவி என்று ஒன்று கிடையாது. 1 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் நீராவியின் சூடு 215 டிகிரி ஃபாரன்ஹீட். அது 70 டிகிரி அறையில் இருக்கும் இரும்பைத் தொட்டால், அந்த இரும்பின் ஒவ்வொரு சதுர அடியும் மணிக்கு 240 பி.டி.யு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். இந்த ஒரு சதுர அடிக் கணக்குக்கு ஈ.டி.ஆர் என்று பெயர். அதாவது ஒரு சதுர அடி ரேடியேட்டர், மணிக்குக் கிட்டத்தட்டக் கால் பவுண்டு நீராவியைக் குடித்துத் தண்ணீராகத் திருப்பித் தருகிறது.

ஆகவே பாயிலரின் வேலை வீட்டைச் சூடாக்குவது இல்லை. எல்லா ரேடியேட்டரையும் நீராவியால் நிரப்புவது. வீட்டைச் சூடாக்குவது ரேடியேட்டரின் வேலை. போதுமான சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும்.

பாயிலர் சின்னதாக இருந்தால், பக்கத்து ரேடியேட்டர்கள் குடித்துத் தீர்த்துவிடும், கடைசி அறைக்கு ஒன்றும் போகாது. பெரிதாக இருந்தால்? "பெருசா இருந்தா நல்லதுதானே" என்றுதான் நானும் நினைத்தேன். ரேடியேட்டர்கள் குடிக்க முடியாத நீராவி எங்கே போகும்? அழுத்தம் ஏறும். அழுத்தக் கட்டுப்பாடு பர்னரை அணைக்கும். ரெண்டு நிமிஷத்தில் அழுத்தம் இறங்கும், மறுபடி பற்றும், மறுபடி அணையும். கேஸ் வீண், வால்வுகளுக்குத் தேய்மானம். போதாக்குறைக்கு, சின்னக் குழாய் வழியே அளவுக்கு மீறிய வேகத்தில் பாயும் நீராவி கூடவே தண்ணீரையும் வாரிக்கொண்டு போகும். அம்மா கேட்ட சுத்தியல் சத்தத்தின் வேர் இங்கேதான்.

பழைய தகட்டை நம்பக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. கரி பாயிலர் போய் எண்ணெய், எண்ணெய் போய் கேஸ் என்று இந்த மாதிரி வீடுகளில் ரெண்டு மூணு முறை பாயிலர் மாறியிருக்கும். ஒவ்வொரு தடவையும் முந்தினவருடைய தகட்டைப் பார்த்து, "எதுக்கும் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று ஏற்றியிருப்பார்கள். ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்பு போட்ட சாம்பார் கதை.

என் வீட்டுக் கணக்கு

ரேடியேட்டர் என்பது ஒரே மாதிரியான வார்ப்பிரும்புத் துண்டுகளை வரிசையாகக் கோத்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு செக்‌ஷன். மூணு விஷயம் அளந்தால் போதும்: தரையிலிருந்து உயரம், பக்கவாட்டில் பார்த்தால் ஒரு செக்‌ஷனில் எத்தனை தூண் தெரிகிறது, மொத்தம் எத்தனை செக்‌ஷன். அந்த உயரத்துக்கும் தூணுக்கும் ஒரு செக்‌ஷன் எத்தனை சதுர அடி என்று பழைய அட்டவணைகள் இருக்கின்றன. உதாரணமாக 38 அங்குல உயரத்தில் ஒற்றைத் தூண் 3, இரட்டைத் தூண் 4, மூணு தூண் 5 சதுர அடி.

என் வீட்டில் வந்தது இது:

- கூடம்: மூணு தூண், 38 அங்குலம், 10 செக்‌ஷன். 50
- சாப்பாட்டு அறை: மூணு தூண், 38 அங்குலம், 9 செக்‌ஷன். 45
- சமையலறை: இரட்டைத் தூண், 38 அங்குலம், 6 செக்‌ஷன். 24
- முன் நடை: மூணு தூண், 26 அங்குலம், 10 செக்‌ஷன். 37.5
- பெரிய படுக்கையறை: இரட்டைத் தூண், 38 அங்குலம், 10 செக்‌ஷன். 40
- ரெண்டாவது அறை: இரட்டைத் தூண், 38 அங்குலம், 8 செக்‌ஷன். 32
- பின்பக்க அறை: இரட்டைத் தூண், 32 அங்குலம், 9 செக்‌ஷன். 30
- குளியலறை: ஒற்றைத் தூண், 38 அங்குலம், 5 செக்‌ஷன். 15

மொத்தம் 273.5 சதுர அடி. 240-ஆல் பெருக்கினால் மணிக்கு 65,640 பி.டி.யு. தண்ணீர்க் கணக்கில் சொன்னால், எட்டு ரேடியேட்டரும் முழுசாகச் சூடாக இருக்கும்போது மணிக்கு சுமார் 31 லிட்டர், ரெண்டு குடம் தண்ணீர் ஆவியாகி மேலே ஏறித் திரும்பக் கீழே வருகிறது.

இதோடு குழாய்களையும் சூடாக்கணுமே? அதற்காக 33 சதவீதம் சேர்த்துக்கொள்வது வழக்கம். 65,640-ஐ 1.33-ஆல் பெருக்கினால் 87,300. பாயிலர் வெளியே தரவேண்டிய மொத்த வெப்பம் இவ்வளவுதான்.

இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழ இருந்தேன். பாயிலர் தகட்டில் மூணு எண் இருக்கும். உள்ளே எரியும் கேஸின் அளவு. தண்ணீருக்குப் போய்ச் சேரும் வெப்பம். குழாய்க்கான 33 சதவீதத்தைக் கழித்த பிறகு ரேடியேட்டருக்கு மிஞ்சும் நிகர அளவு. நிகர அளவைச் சதுர அடியிலும் எழுதியிருப்பார்கள். ஒப்பிடவேண்டியது அந்தச் சதுர அடி எண்ணை மட்டும்தான். அதில் குழாய்க் கணக்கு ஏற்கெனவே அடங்கிவிட்டது. மறுபடி 1.33 பெருக்கினால் அதே உப்பை ரெண்டாவது தடவை போட்ட மாதிரி.

என் பழைய பாயிலர் எரிப்பது 200,000, தண்ணீருக்குப் போவது 160,000, நிகரம் 120,000 பி.டி.யு. அதாவது 500 சதுர அடி. வீட்டில் இருப்பது 273.5. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

புதுசு தேடும்போது பட்டியலில் ஒன்று 271, அடுத்தது 325 சதுர அடி என்று இருந்தது. ரெண்டரை சதுர அடி குறைகிறதே என்று ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 271-ஐ எடுத்தால் என் குழாய்க்கான உபரி 33 சதவீதத்துக்குப் பதில் 32 சதவீதம், அவ்வளவுதான். 33 என்பதே தாராளமான கணக்கு. குழாய்களுக்கு உறை போட்டுவிட்டால் அவ்வளவு தேவைப்படாது. 271-ஐ எடுத்தேன்.

பாயிலருக்கு மேலே இருக்கும் குழாயும் பாயிலர்தான்

மூன்றாவது காண்ட்ராக்டர் வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "மேல எத்தனை ரேடியேட்டர்? பார்க்கலாமா?" எனக்குப் பாதி நிம்மதி அப்போதே வந்துவிட்டது. அவர் கணக்கு 270 சொச்சம் வந்தது. மீதிப் பாதி நிம்மதி, குழாய் பற்றிப் பேசும்போதுதான் வந்தது.

பழைய பாயிலர்களின் வயிறு பெரிது. தண்ணீரும் நீராவியும் பிரிய உள்ளேயே இடம் இருந்தது. இப்போதைய பாயிலர்கள் சின்னவை. நீராவி கிளம்பும்போதே தண்ணீர்த் துளிகளோடு கிளம்பும். அந்தத் துளிகளைப் பிரிக்கும் வேலையைப் பாயிலருக்கு மேலே இருக்கும் குழாய்தான் செய்யணும். அதனால்தான் கையேட்டில் அந்தக் குழாயின் அளவையும் வரிசையையும் படம் போட்டே கொடுத்திருக்கிறார்கள். அது சிபாரிசு இல்லை, பாயிலரின் ஒரு பாகம்.

வரிசை இப்படி: பாயிலரிலிருந்து நேராக மேலே போகும் குழாய் ரைசர். அது போய்ச் சேரும் கிடைமட்டமான பெரிய குழாய் ஹெடர். ஹெடரிலிருந்து வீட்டுக்குப் போகும் மெயின்கள் பிரியும். ஹெடரின் கடைசி முனை கீழே திரும்பி பாயிலரின் அடிக்கே வரும், அது ஈக்வலைசர். நீராவி மெயின்களில் ஏற, பாரமான தண்ணீர் நேராக ஓடி ஈக்வலைசரில் விழுந்து பாயிலருக்கே திரும்பிவிடும். முதலில் ரைசர்கள், பிறகு மெயின்கள், கடைசியில் ஈக்வலைசர். இந்த வரிசை மாறக்கூடாது.

என் பழைய பாயிலரில் ரெண்டு ரைசருக்கு நடுவில் மெயின் கிளம்பியது. ரெண்டு பக்கமிருந்தும் வரும் நீராவி அங்கே மோதிக்கொள்ளும். பிரிந்து கீழே போகவேண்டிய தண்ணீர் மெயினுக்குள் தூக்கியடிக்கப்படும். அந்தத் தண்ணீர் குழாயில் தேங்கி நிற்க, பின்னால் வரும் நீராவி அதை உருட்டிக்கொண்டு போய் அடுத்த எல்போவில் அறையும். அதுதான் எங்க வீட்டுச் சுத்தியல். பின்பக்க அறை அந்த மெயினின் கடைசியில் இருந்தது.

வேகத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதுப் பாயிலர் மணிக்கு சுமார் 90 பவுண்டு நீராவி செய்யும். ஒரு பவுண்டு நீராவிக்கு சுமார் 25 கன அடி இடம் வேணும். அதை ஒரே 2 அங்குல ரைசரில் அனுப்பினால் வினாடிக்கு 27 அடி வேகம். ரெண்டு ரைசராகப் பிரித்தால் பதின்மூன்றரை அடி. 3 அங்குல ஹெடரில் சுமார் 12 அடிதான். பழைய பாயிலர் அளவையே போட்டு ஒரே 2 அங்குலக் குழாயில் விட்டிருந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 50 அடி! வேகம் குறையக் குறையத் தண்ணீர்த் துளிக்கு விழ நேரம் கிடைக்கும். குழாய் விஷயத்தில் மட்டும் பெரிசு நல்லதுதான்.

உயரமும் முக்கியம். பாயிலரின் தண்ணீர் மட்டத்திலிருந்து ஹெடரின் அடிப்பக்கம் குறைந்தது 24 அங்குலம் மேலே இருக்கணும். ரைசரும் ஹெடரும் சேரும் இடத்தில் எல்போக்களைச் சேர்த்து மடக்கி விடணும். சூட்டில் ஹெடர் நீளும்போது மரைகள் கொஞ்சம் திரும்பிக் கொடுக்கும். நேராக இறுக்கிவிட்டால் அந்த இழுப்பு பாயிலரின் வார்ப்பிரும்புத் துண்டுகளைப் பிளக்கப் பார்க்கும். இதே காரணத்துக்காகத்தான் இங்கே செம்புக் குழாய் வேண்டாம் என்பது. செம்பு இரும்பைவிட அதிகம் நீளும், பற்றவைத்த இணைப்புகள் காலப்போக்கில் விட்டுவிடும். மரை போட்ட கறுப்பு இரும்புக் குழாய்தான் சரி. முதல் காண்ட்ராக்டரின் விலை குறைவாக இருந்ததன் ரகசியமும் இதுதான்: செம்புக் குழாய், ஒரே ரைசர், ஹெடர் கிடையாது.

ஹார்ட்ஃபோர்ட் லூப்

ரேடியேட்டர்களிலிருந்து திரும்பும் தண்ணீர் வரும் குழாய் ரிட்டர்ன். அதை நேராகப் பாயிலரின் அடியில் இணைத்தால் என்ன ஆகும்? தரையோரம் கிடக்கும் ரிட்டர்ன் குழாய் ஒருநாள் அரித்து ஓட்டையாகும். பாயிலர் தண்ணீர் முழுவதும் அந்த வழியே வடிந்துபோகும். வெறும் இரும்பின் கீழே நெருப்பு எரியும்.

1865-இல் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற கப்பலின் பாயிலர்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அடுத்த வருஷம், 1866-இல், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரில் பாயிலர்களைச் சோதித்துக் காப்பீடு தரும் கம்பெனி ஒன்று தொடங்கியது. அந்தக் கம்பெனி 1919-இல் முன்வைத்த குழாய் இணைப்புதான் ஹார்ட்ஃபோர்ட் லூப். யோசனை ரொம்ப எளிது. ரிட்டர்னை மேலே தூக்கி, பாயிலரின் தண்ணீர் மட்டத்துக்கு 2 அங்குலம் கீழே ஈக்வலைசரில் சேர். ரிட்டர்ன் ஓட்டையானாலும் அந்த இணைப்பு மட்டம் வரைதான் தண்ணீர் வடியும். மிச்சம் பாயிலரிலேயே நிற்கும். மின் கருவி எதுவும் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு நுணுக்கம்: ஈக்வலைசரில் சேரும் அந்த இடத்தில் இருப்பதிலேயே குட்டையான நிப்பிளைத்தான் போடணும். நீளமாக விட்டால், தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கும்போது நீராவி அதற்குள் புகுந்து அங்கேயும் சுத்தியல் அடிக்கும்.

போட்ட பிறகு

நகராட்சி அனுமதி, கேஸ் இணைப்பு, 15 பி.எஸ்.ஐ பாதுகாப்பு வால்வு, தண்ணீர் குறைந்தால் பர்னரை அணைக்கும் கருவி எல்லாம் லைசென்ஸ் உள்ளவர் வேலை. நான் கை வைக்கவில்லை. ரெண்டு நாளில் முடித்தார்கள்.

முதல் வாரம் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் குதியாட்டம் போட்டது. பயந்து போன் செய்தேன். "எண்ணெய்தான் சார், இன்னும் ஸ்கிம் பண்ணணும்" என்றார். மரை வெட்டும்போது தடவும் எண்ணெய் எல்லாம் தண்ணீரின் மேலே மிதக்கும். கஞ்சித் தண்ணியில் சோறு பொங்குகிற மாதிரி அது நுரைத்து மேலே ஏறும். கீழே வடித்தால் எண்ணெய் போகாது, ஏனென்றால் அது மேலேதான் இருக்கு. மட்டத்தில் உள்ள ஒரு துளை வழியே, மெலிந்த கோடாக, மணிக்கணக்கில் வழியவிடணும். மூணு தடவை செய்தார்கள். மட்டம் அசையாமல் நின்றது.

அழுத்தம் அரை பி.எஸ்.ஐ-யில் பற்றி ஒன்றரையில் அணைகிற மாதிரி வைத்திருக்கிறோம். ஒரு அறை சூடாகவில்லை என்றால் அழுத்தத்தை ஏற்றுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பெரும்பாலும் தடை காற்றுதான். குழாய் முழுக்கக் காற்று நிற்கிறது, அது வெளியேறினால்தான் நீராவி உள்ளே வர முடியும். மெயின்களின் கடைசியில் இருந்த ரெண்டு காற்று வால்வுகளும் துருப்பிடித்து அடைத்துக் கிடந்தன. புதுசு மாட்டினோம். குழாய்களுக்கு 1 அங்குல ஃபைபர்கிளாஸ் உறை நானே போட்டேன். (பழைய வீட்டுக் குழாயில் வெள்ளை உறை ஏதாவது இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பிய்க்காதீங்க, அதுக்கென்று ஆள் இருக்காங்க.)

கேஸ் பில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ரெண்டு குளிர்காலமும் ஒரே மாதிரி குளிரவில்லை, அதனால் எண் சொல்ல மாட்டேன். பர்னர் பற்றினால் இப்போது ஒரே மூச்சில் எரிந்து தெர்மோஸ்டாட்டில்தான் அணைகிறது, அழுத்தத்தில் இல்லை. அது எனக்குப் போதும்.

நீராவி வீட்டில் பாயிலர் மாற்ற வேண்டி வந்தால், வருகிறவர் மேலே போய் ரேடியேட்டரை எண்ணுகிறாரா என்று பாருங்க. கையேட்டில் உள்ள குழாய்ப் படத்தைக் காட்டி, "இப்படியே போடுவீங்களா?" என்று கேட்டு, அதை எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்க. ஸ்கிம் செய்வது விலையில் சேர்த்தியா என்று கேளுங்க. இந்த மூணுக்கும் நேராகப் பதில் சொல்லாதவரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசிங்க.

புதுப் பாயிலர் போட்ட மூணாவது நாள் காலை, அம்மா காபி டம்ளரோடு வந்து, "நேத்து ராத்திரி ஹீட்டர் ஓடலையாப்பா? சத்தமே இல்லையே" என்றாங்க. போய் அந்தப் பின்பக்க ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்பது செக்‌ஷனும் ஒரே மாதிரி சுட்டது.